31-ஆம் இடத்து சிஸ்டீன்

“அண்ணனுக்கு எச்.ஐ.வி. தொற்று. அதற்கான ஏ.ஆர்.டி. கூட்டு மாத்திரையை ஒருநாளும் விட்டதில்லை. ரத்தத்தில் வைரஸ் தென்படவே இல்லை என்கிறார்கள். ஆனால் கணக்கு வழக்கில் தடுமாறுகிறார், சொன்னதை மறக்கிறார். ஏன்?” என்று கேட்டிருக்கிறார் ஒரு வாசகர்.

நோய் எதிர்ப்புக்கு உதவும் சிடி4 செல்களை எச்.ஐ.வி. அழிப்பது தெரிந்த கதை. தொற்றிய சில வாரங்களிலேயே அது மூளைக்கும் போய்விடுகிறது. மோனோசைட் என்னும் வெள்ளணுக்களுக்குள் பதுங்கி, ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவிலுள்ள தடுப்பைத் தாண்டுகிறது. வேடிக்கை என்னவென்றால், நரம்பு செல்லில் அது குடியேறுவதில்லை. பக்கத்திலிருக்கும் மைக்ரோகிளியா என்னும் மூளையின் காவல் செல்லில் புகுந்து, அதன் டிஎன்ஏவோடு தன் மரபணுவைச் சேர்த்துவிடுகிறது. அப்புறம் அழற்சி, நரம்பு செல்களின் கிளைகள் சுருங்குவது, மறதி.

மாத்திரைகள் வைரஸ் பெருகிப் புது செல்களுக்குப் பரவுவதைத் தடுக்கும். ஏற்கெனவே டிஎன்ஏவில் சேர்ந்துவிட்ட மரபணு ‘டாட்’ என்ற புரதத்தைத் தயாரிப்பதை நிறுத்தாது. இந்த டாட்தான் கில்லாடி. சுமார் 100 அமினோ அமிலங்கள் கொண்ட சின்னப் புரதம். செல்லைவிட்டு வெளியே வந்து நரம்பு செல்களுக்கு நஞ்சாகிறது. அதோடு நிற்பதில்லை. அதன் 30, 31-ஆம் இடங்களில் சிஸ்டீன் என்ற அமினோ அமிலம் இரண்டு ஒட்டி நிற்கின்றன. மோனோசைட்டுகளை அழைக்க நம் உடல் சுரக்கும் கீமோகைன்கள் என்ற சமிக்ஞைப் புரதங்கள் சிலவற்றிலும் இதே ஜோடி உண்டு. ஊர்ப் பெரியவர் பெயரில் போலி அழைப்பிதழ் அடித்தது போலத்தான்! நம்பி வரும் மோனோசைட்டுகளால் அழற்சி மேலும் கூடும்.

இந்தியாவில் பரவலாக உள்ள ‘சி’ வகை வைரஸின் டாட்டில் 31-ஆம் இடத்தில் பெரும்பாலும் சிஸ்டீனுக்குப் பதில் செரீன் என்ற வேறொரு அமினோ அமிலம் இருக்கிறது. ஜோடி உடைந்ததால் அழைக்கும் திறன் குறைவு என்று பெங்களூரு ஜவாஹர்லால் நேரு உயராய்வு மையத்தில் உதயகுமார் ரங்காவின் குழு 2004-இல் காட்டியது. ஒரே ஒரு அமினோ அமிலம்! ஏ.ஆர்.டி. பரவலாவதற்கு முன்பே கடும் டிமென்ஷியா (மறதிநோய்) இங்கே அரிதாகத்தான் பதிவானது. அதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் நோயாளிகள் பலர் காசநோயில் சீக்கிரமே இறந்ததும் காரணமாக இருக்கலாம்.

அதனால் நம்மூர் வைரஸ் சாது என்று முடிவு கட்ட வேண்டாம். எச்.ஐ.வி. தொற்றி, மருந்து தொடங்காத தென்னிந்தியர்களை பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல, நரம்பியல் நிறுவன ஆய்வாளர்கள் சோதித்து 2007-இல் வெளியிட்ட ஆய்வில், பாதிக்கு மேற்பட்டோரிடம் லேசான அல்லது மிதமான அறிதிறன் குறைபாடு இருந்தது. இப்படிப்பட்ட ஆய்வுகளுக்கு இங்கே பணம் ஒதுக்குவது குறைவு என்பது என் வருத்தம். கர்ம வினை என்று ஒதுக்கிவைக்கும் வீடுகளைப் பற்றி என்ன சொல்ல? கூச்சப்பட்டுத் தனிமையில் கிடப்பவரின் நினைவாற்றல் இன்னும் மங்கத்தான் செய்யும்.

சரி, அண்ணன் விஷயத்துக்கு வருவோம். எல்லாப் பழியையும் வைரஸ் மேல் போடுவதற்கு முன் தைராய்டு, பி12, சர்க்கரை, தூக்கம், மனச்சோர்வு, குடி ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். இவற்றில் பலவும் சரிசெய்யக்கூடியவை. இன்னும் எஃபாவிரன்ஸ் என்ற மருந்து கலந்த பழைய ஏ.ஆர்.டி. மாத்திரையில் இருந்தால், மாற்றலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். மனத்தைக் குழப்பும் பக்கவிளைவுகள் அதற்கு உண்டு. அவராக மட்டும் மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது.