சாவியை எடுத்த பிறகும் எரியும் விளக்கு

ராத்திரி பத்து மணி இருக்கும். நண்பர் ஒருவர் போனில் கூப்பிட்டார். "காரைப் பூட்டிட்டு மேல வந்துட்டேன். ஜன்னல் வழியா பார்த்தா இடது பக்கம் மட்டும் முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு எரியுது. வலது பக்கம் முழுக்க இருட்டு. சாவி என் கையில இருக்கு. ஒயரிங் எங்கயாவது ஷார்ட் ஆயிருக்குமோ?" அவர் வாங்கியது பழைய ஜெர்மானிய கார். வாங்கி இரண்டு வாரம்கூட ஆகவில்லை.

"இண்டிகேட்டர் லீவர் நடுவுல இருக்கான்னு போய்ப் பாருங்க" என்றேன். போய்ப் பார்த்தார். இடது பக்கத்துக்குத் தள்ளியபடியே இருந்தது. நடுவுக்குக் கொண்டுவந்தார், இரண்டு விளக்கும் அணைந்தன.

கோளாறு ஒன்றும் இல்லை. ஜெர்மானிய கார்கள் பலவற்றில் இப்படி ஒரு வசதி உண்டு. வண்டியை அணைத்த பிறகு இண்டிகேட்டர் லீவரை ஒரு பக்கம் தள்ளினால், அந்தப் பக்கத்து பார்க்கிங் விளக்கு மட்டும் முன்னும் பின்னும் எரியும். வெளிச்சமில்லாத குறுகிய சாலையில் ஓரமாக நிறுத்தியிருக்கும் வண்டிக்கு, போக்குவரத்து இருக்கும் பக்கம் மட்டும் விளக்கு எரிந்தால் போதும் இல்லையா? மறுபக்கம் சுவர்தான். சுவருக்கு எதற்கு வெளிச்சம்?

பார்க்கிங் லைட் என்ற பெயர் வந்த காரணமும் இதுதான். நிறுத்திவைத்த வண்டியின் மீது இருட்டில் யாரும் வந்து மோதிவிடக் கூடாது. பல கார்களில் சாவியை எடுத்ததும் ஹெட்லைட் அணைந்துவிடும், பார்க்கிங் லைட் மட்டும் எரிந்துகொண்டே இருக்கும். அதற்கான மின்சாரம் சாவியைத் தாண்டி, பேட்டரியிலிருந்து நேரே வருகிறது. வண்டி நின்ற பிறகு எரிய வேண்டிய விளக்கு என்பதால் வேண்டுமென்றே செய்த ஏற்பாடு அது. காலையில் பேட்டரி உயிரை விட்டிருப்பதற்கும் சில சமயம் இதே ஏற்பாடுதான் காரணம்.

கணக்கு சுலபம். சாதாரண பல்பு போட்ட காரில் பார்க்கிங் லைட் ஒவ்வொன்றும் 5 வாட். முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு, நம்பர் பிளேட்டுக்கு இரண்டு என்று வைத்துக்கொண்டால் 30 வாட். டாஷ்போர்டு வெளிச்சத்தையும் சேர்த்தால், 12 வோல்ட் பேட்டரியிலிருந்து ஏறக்குறைய 3 ஆம்பியர் போகும். 45 ஆம்பியர்-மணி பேட்டரியில் பத்து மணி நேரத்தில் 30 போய்விட்டால், மிச்சத்தை வைத்துக்கொண்டு ஸ்டார்ட்டரைச் சுற்றுவது கஷ்டம். ஸ்டார்ட்டர் சில விநாடிதான் சுற்றுகிறது; ஆனால் அந்தச் சில விநாடிக்கு நூறு ஆம்பியருக்கு மேல் கேட்கும். ஒரு பக்கம் மட்டும் எரிந்தால் 10 வாட், அதாவது 1 ஆம்பியருக்கும் கீழே. விடிய விடிய எரிந்தாலும் நல்ல பேட்டரி தாங்கும். சாவியை எடுத்தாலும் ஹெட்லைட் அணையாத காரில் அதை மறந்துவிட்டால் கதையே வேறு: 55 வாட் பல்பு இரண்டும் மற்றவையும் சேர்ந்து 12 ஆம்பியர் வரை இழுக்கும். மூன்று மணி நேரம் போதும்.

பலவீனமான பேட்டரியில் சாவியைத் திருப்பினால் 'டக் டக் டக்' என்று ஒரு சத்தம் வருமே, அதைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். ஸ்டார்ட்டரின் மேல் உள்ள சோலனாய்டு என்னும் மின்காந்தம் முதலில் இழுத்து இணைப்பைக் கொடுக்கிறது. உடனே மோட்டார் மொத்த மின்சாரத்தையும் உறிஞ்சுவதால் வோல்டேஜ் சரிகிறது. பிடித்துவைக்கத் தெம்பில்லாமல் மின்காந்தம் விட்டுவிடுகிறது. விட்டதும் வோல்டேஜ் ஏறுகிறது, திரும்பவும் இழுக்கிறது. மோட்டார் ஒரு சுற்றுகூடச் சுற்றியிருக்காது.

சரி, இப்போது ஸ்விட்சுக்கு வருவோம். அது லீவரின் நுனியில் திருகும் வளையமாக இருக்கலாம், டாஷ்போர்டில் திருகும் குமிழாகவும் இருக்கலாம். அணைப்பு, பார்க்கிங் லைட், ஹெட்லைட், ஆட்டோ. வரிசை காருக்குக் கார் மாறும். முதுகோடு முதுகு ஒட்டிய இரண்டு சின்ன விளக்குகள் படம் இருந்தால் பார்க்கிங் லைட். படுத்த கிண்ணம் மாதிரி ஒரு வடிவத்திலிருந்து கோடுகள் கீழே சாய்ந்திருந்தால் லோ பீம், அதாவது டிம்; டாஷ்போர்டில் பச்சையாகத் தெரியும். கோடுகள் நேராக இருந்து நீலமாக எரிந்தால் ஹை பீம், அதாவது பிரைட். கோடுகளுக்குக் குறுக்கே நெளிந்த கோடு ஒன்று ஓடினால் ஃபாக் லைட், அதாவது மூடுபனி விளக்கு.

படங்கள் எத்தனை இருந்தாலும் விளக்குகள் இரண்டே ஜாதி. நாம் பார்க்க ஒன்று, நம்மைப் பிறர் பார்க்க ஒன்று. பார்க்கிங் லைட் இரண்டாவது ஜாதி. ஐ.நா. வாகன விதிகளின்படி முன்பக்கப் பார்க்கிங் விளக்கு ஒன்றுக்குக் குறைந்தபட்ச ஒளிச்செறிவு 4 கேண்டெலா. ஒரு மெழுகுவர்த்தியின் ஒளி ஏறக்குறைய 1 கேண்டெலா. ஆக, நான்கு மெழுகுவர்த்தி. அதே விதிகளில், ஒரு வண்டியின் ஹை பீம் எல்லாம் சேர்ந்து 4,30,000 கேண்டெலாவைத் தாண்டக் கூடாது. இரண்டும் ஒரே ஸ்விட்சுக் குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதை நம்பவே முடியவில்லை.

நான்கு மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் சாலை தெரியாது. ஆனால் இருட்டில் அதைத் தூரத்திலிருந்தே பார்த்துவிடலாம். இன்னொரு விஷயமும் உண்டு. அந்த விளக்கு வண்டியின் வெளி ஓரத்திலிருந்து 400 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. எதிரில் வருபவருக்கு வண்டி இருக்கிறது என்பதோடு அது எவ்வளவு அகலம் என்பதும் தெரிய வேண்டுமே. விதிப்புத்தகத்தில் இதன் பெயர் பார்க்கிங் லைட் அல்ல, 'இட விளக்கு' என்ற பொருள் தரும் ஒரு பெயர். அதுதான் பொருத்தம் என்பேன். பார்க்கிங் லைட்டை மட்டும் போட்டுக்கொண்டு அந்தி நேரத்தில் ஓட்டுபவர்கள், எதிரில் வரும் ஹெட்லைட் வெள்ளத்தில் தங்கள் நான்கு மெழுகுவர்த்தியும் கரைந்துவிடும் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

முதல் ஜாதியான ஹெட்லைட்டில்தான் உண்மையான கைவேலை இருக்கிறது. எச்4 பல்பு ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள் (கண்ணாடியை விரலால் தொடாமல், எண்ணெய்ப் பிசுக்கு பட்ட இடம் சூட்டில் கெட்டுவிடும்). உள்ளே இரண்டு இழைகள் தெரியும். ஒன்றின் அடியில் சின்ன உலோகக் கிண்ணம். கிண்ணம் இல்லாத இழை ரிஃப்ளெக்டரின் குவியப் புள்ளியில் உட்கார்ந்திருக்கிறது. அதனால் ஒளி இணைக்கதிர்களாக நேரே தூரத்துக்குப் போகிறது. அது ஹை பீம். கிண்ணம் உள்ள இழை குவியத்துக்குச் சற்று முன்னால் இருக்கிறது. அங்கிருந்து ரிஃப்ளெக்டரின் மேல்பாதியில் படும் ஒளி கீழ்நோக்கித் திரும்புகிறது. கீழ்பாதியில் படும் ஒளியை விட்டுவைத்தால் அது மேல்நோக்கி, எதிரில் வருபவர் கண்ணுக்குப் போகும். அதைத்தான் கிண்ணம் மறைக்கிறது. நாம் 'டிம்' என்று சொன்னாலும் இழை ஒன்றும் மங்குவதில்லை. பிரைட்டுக்கு 60 வாட், டிம்முக்கு 55 வாட், வித்தியாசம் அவ்வளவுதான். மாறுவது ஒளி போகும் திசை.

சுவருக்கு எதிரே வண்டியை நிறுத்தி லோ பீம் போட்டால், வெளிச்சத்தின் மேல் விளிம்பு கத்தியால் வெட்டியது போல் தெரியும். அந்த வெட்டு நூற்றுக்கு ஒன்று என்ற அளவில் கீழே சாய்ந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். பத்து மீட்டர் தள்ளி இருக்கும் சுவரில், விளக்கின் உயரத்தைவிட 10 சென்டிமீட்டர் கீழே விழும். விளக்கு 65 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தால் 65 மீட்டர் தூரத்தில் தரையைத் தொடும். இப்போது பின்சீட்டில் மூன்று பேர், டிக்கி நிறையச் சாமான். பின்பக்கம் 5 சென்டிமீட்டர் அமுங்குகிறது. முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடைவெளி 2.5 மீட்டர் என்றால், வண்டி நூற்றுக்கு இரண்டு அளவில் மூக்கைத் தூக்கிவிட்டது. நூற்றுக்கு ஒன்று கீழே இருந்த வெட்டு, இப்போது நூற்றுக்கு ஒன்று மேலே. 50 மீட்டர் எதிரே அது 115 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும். எதிர்க்காரில் ஓட்டுபவரின் கண் இருக்கும் உயரமும் ஏறக்குறைய அதுதான்! டிம் போட்டிருந்தும் எதிரில் வருபவர் நம்மைத் திட்டுகிறாரே என்று வருத்தப்படுபவர்கள், ஸ்விட்ச் பக்கத்தில் 0, 1, 2, 3 என்று எண் போட்ட சின்னச் சக்கரத்தைத் தேடிப் பார்க்கலாம். பாரம் கூடக் கூட எண்ணைக் கூட்டினால் விளக்கு தலை குனியும். பலர் அதை டாஷ்போர்டு வெளிச்சத்துக்கானது என்று நினைத்துத் தொடுவதே இல்லை.

பின்பக்க ஃபாக் லைட்டைப் பற்றி ஒரு வார்த்தை. அது பல கார்களில் ஒரு பக்கம் மட்டுமே எரியும். இன்னொன்று ஃபியூஸ் போய்விட்டது என்று மெக்கானிக்கிடம் ஓட வேண்டாம். ஜோடியாக எரிந்தால் பிரேக் லைட் என்று தோன்றிவிடலாம். அது பிரேக் விளக்கைப் போலவே 21 வாட்.

மிச்சம் இருப்பது ஆட்டோ. எனக்குக் கொஞ்சம் சண்டை உள்ள இடம் இது. முன்கண்ணாடியின் மேல்பகுதியில், உள்கண்ணாடிக்குப் பின்னால் கறுப்பாக ஒரு குமிழ் இருக்கும். அதற்குள் ஒளியுணரி. வெளியே வெளிச்சம் ஓர் அளவுக்குக் கீழே போனால் ஹெட்லைட்டைப் போடும். அதைவிடக் கூடுதலான இன்னோர் அளவைத் தாண்டினால்தான் அணைக்கும். இரண்டு அளவும் ஒன்றாக இருந்தால், மரநிழல் விழும் சாலையில் விளக்கு கண் சிமிட்டிக்கொண்டே போகும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் உணரி அளப்பது வெளிச்சத்தை, தெளிவை அல்ல. பகலில் மூடுபனி இறங்கினால் நாலாபுறமும் வெள்ளையாகப் பளபளக்கும். உணரிக்கு அது நல்ல பகல். விளக்கு போடாது.

அங்கேதான் பகல் விளக்கு வந்து குழப்புகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2011 பிப்ரவரி முதல் புதிய கார் வகைகளுக்குக் கட்டாயமான விளக்கு இது; இன்ஜின் ஓடினாலே தானாக எரியும். விதிப்படி ஒன்றுக்கு 400 முதல் 1,200 கேண்டெலா, பார்க்கிங் லைட்டைவிடப் பல மடங்கு. ஆனால் அது முன்பக்கத்துக்கு மட்டுமே உரியது. பல கார்களில் பின்னால் ஒன்றும் எரியாது. முன்னால் வெளிச்சம் தெரிகிறது, டாஷ்போர்டும் இப்போதெல்லாம் பகலிலும் பளிச்சென்று எரிகிறது. ஓட்டுபவர் விளக்கு போட்டிருக்கிறோம் என்றே நம்புகிறார். பின்னால் வருபவருக்கோ பனிக்குள் ஒரு சாம்பல் நிறப் பெட்டி, அதுவும் மிகக் கிட்டே வந்த பிறகு. பனியிலும் அடைமழையிலும் ஆட்டோவை நம்பாமல் கையால் திருகி ஹெட்லைட்டில் வையுங்கள். டெயில் லைட்டும் கூடவே எரியும். ஹை பீம் வேண்டாம், பனித்துளிகள் அந்த ஒளியை நம் கண்ணுக்கே திருப்பி அனுப்பும்.

நண்பருக்கு வருவோம். மறுநாள் அவர் ஒரு சந்தேகம் கேட்டார்: இப்படி மறதியாக விட்டால் கார் எச்சரிக்காதா? எச்சரிக்கும். சாவி எடுத்தாகிவிட்டது, விளக்கு எரிகிறது, ஓட்டுநர் பக்கக் கதவு திறந்திருக்கிறது. மூன்றும் சேர்ந்தால் ஒரு பீப் சத்தம் கேட்கும். கொஞ்ச நேரம் யோசித்தார். சத்தம் கேட்டதாம். கதவு சரியாகச் சாத்தவில்லை போல என்று நினைத்து, இன்னொரு முறை ஓங்கி அறைந்து சாத்தியிருக்கிறார். சத்தம் நின்றுவிட்டது.