பிராக்டிக்கலுக்குத் தமிழில் என்ன?

பக்கத்து வீட்டுத் தம்பி பினாங்கின் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலைக்கு பிராக்டிக்கல் போகிறான். பாலிடெக்னிக் கொடுத்த கடிதத்தில் அதற்கு மலாயில் ‘லாத்திஹான் இன்டஸ்ட்ரி’, அதாவது தொழில்துறைப் பயிற்சி, என்று பெயர். கூட்டாளிகளுக்குள் வெறும் ‘எல்.ஐ.’. அவனுடைய பாட்டி மட்டும், “பேரன் பேக்டரியில வேலை பழகுறான்” என்கிறார். நான்கில் பாட்டி சொன்னதுதான் சரியான சொல் என்பது என் கட்சி.

பிராக்டிக்கல் கிரேக்க வேர் கொண்டது. ‘செய்’ என்பதுதான் அந்த வேரின் பொருள். அகராதி தரும் தமிழ் ‘செய்முறை’. ஆய்வுக்கூடத்துக்கு அது பொருந்தும். ஆனால் மதுரைப் பக்கத்து ஆளிடம் “மூன்று மாதம் செய்முறைக்குப் போகிறேன்” என்று சொல்லிப் பாருங்கள். அவ்வளவு கல்யாணமா, காதுகுத்தா என்று கேட்பார். அங்கே செய்முறை என்றால் சீரும் மொய்யும்.

சரி, ‘பயிற்சி’? பயில் என்பதோடு ‘சி’ சேர்ந்தது, முயல் முயற்சி ஆனதுபோல. பயில்தல் என்றால் அடிக்கடி வருதல்; ‘இச்சொல் செய்யுளில் பயின்று வரும்’ என்று இலக்கணக்காரர்கள் எழுதுவது அந்தப் பொருளில்தான். நல்ல சொல்தான். ஆனால் எஸ்.பி.எம். பள்ளித் தேர்வுக்கான பயிற்சி நூல் முதல் அரைநாள் கருத்தரங்கு வரை எல்லாவற்றுக்கும் போட்டுத் தேய்த்துவிட்டோம்.

திவெட் எனப்படும் தொழில்நுட்ப, தொழிற்கல்வி பற்றிய கட்டுரைகளில் இப்போது ‘பணிசார் கற்றல்’ வருகிறது. ‘சார்’ எனக்கு ஒட்டவில்லை. வேலையைச் சார்ந்த பாடத்தை வகுப்பறையில் உட்கார்ந்தும் படிக்கலாமே. இங்கே சொல்ல வருவது வேலையின் வழியாகவே கற்பது. ஆகவே ‘வேலைவழிக் கற்றல்’.

கற்பவரை என்னவென்று சொல்வது? அப்ரண்டிஸ் என்ற சொல்லின் அடியில் இருப்பது ‘பற்றிப் பிடி’ என்ற லத்தீன் வினை. தமிழ்நாட்டில் 1961-ஆம் ஆண்டின் அப்ரண்டிஸ் சட்டத்தின்கீழ் சேருபவரைத் தொழிற்பழகுநர் என்கிறார்கள். மலாயில் பெராந்திஸ். மலேசியா 2005-இல் ஜெர்மனியைப் பார்த்துத் தொடங்கிய தேசிய இரட்டைப் பயிற்சி முறையில் பெராந்திஸுக்குக் குறைந்தது 70 விழுக்காட்டு நேரம் வேலையிடத்தில்தான். மிச்சம்தான் பயிற்சி மையத்தில். ஒரு பருவம் போய்வரும் எல்.ஐ.யும் இதுவும் ஒன்றல்ல. பேச்சில் இரண்டையும் பிராக்டிக்கல் என்றே சொல்லிவிடுகிறோம்.

பழகுநர் என்பதில் இருக்கும் ‘பழகு’தான் விஷயம். மனிதரோடும் பழகுகிறோம், சைக்கிளும் பழகுகிறோம், இட்லி மாவுப் பதமும் பழகுகிறோம். சித்திரமும் கைப்பழக்கம் என்பது ஊரறிந்த வாக்கு. புத்தகத்தில் இருப்பது கைக்கு இறங்குவதற்குப் பெயர் பழக்கம்.

தம்பி சொன்ன ஒரு சம்பவம். சி.என்.சி. லேத்தில், அதாவது கணினி இயக்கும் கடைசல் இயந்திரத்தில், கடைந்த 50 மில்லிமீட்டர் எஃகுத் துண்டை வெளியே எடுத்ததும் மைக்ரோமீட்டர் என்ற அளவுக்கருவியை வைத்து அளந்திருக்கிறான். அளவு கூடுதலாகக் காட்ட, உடனே இன்னொரு முறை சீவப் போயிருக்கிறான். சூப்பர்வைசர் கையைத் தடுத்து, “துங்கு டூலு” என்றாராம். கொஞ்சம் பொறு. ஆறிய பிறகு வைத்தால் அளவு சரியாக இருந்தது. அவன் வகுப்பில் படித்த கணக்குதான்: எஃகு 20 டிகிரி சூடேறினால் 50 மில்லிமீட்டருக்கு ஏறக்குறைய 0.01 மில்லிமீட்டர் நீளும். பரீட்சையில் அதற்கு முழு மதிப்பெண்கூட வாங்கியிருக்கிறான். ஆனால் சூடான துண்டு கையில் இருக்கும்போது அது நினைவுக்கு வரவில்லை. இப்போது துண்டைத் தொட்டுப் பார்க்காமல் அளக்க மாட்டானாம்.

பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை 1972-இல் வந்தது. அங்கிருந்த தொழிற்சாலைகளுக்குப் படித்த பிள்ளைகள் கிடைத்தாலும் வேலை பழகியவர்கள் போதவில்லை. மாநில அரசும் தொழில்துறையும் கல்வியாளர்களும் கைகோத்து 1989-இல் பினாங்குத் திறன் மேம்பாட்டு மையத்தைத் தொடங்கினார்கள்.

ஆக, எழுத்தில் ஆளுக்குத் தொழிற்பழகுநர், முறைக்கு வேலைவழிக் கற்றல், பேச்சுக்கு ‘வேலை பழகுவது’. பட்டறையில் போய் “தொழிற்பழகுநரே” என்று கூப்பிட்டால் மட்டும் யாரும் திரும்ப மாட்டார்கள். அங்கே அவன் ‘தம்பி’தான்.