தெர்மோஸ்டாட்டைக் கழற்றினால் வண்டி குளிராது

எஞ்சின் சூட்டுக்கு ஏற்ப ரேடியேட்டருக்குப் போகும் வழியைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போட்டால் பைக் குளிர்ச்சியாக ஓடும் என்று ஊருக்குள் யார் கிளப்பிவிட்டார்களோ! இந்தக் கத்திரியில் அப்படிக் கழற்றிய மூன்றாவது அட்வென்ச்சர் வண்டி இப்போது பட்டறையில் பிரிந்து கிடக்கிறது. ரேடியேட்டர் மூடியைத் திறந்தால், எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் இருக்க வேண்டிய இடத்தில் செம்மண் கரைசல். ஆயில் பார்க்கும் கண்ணாடியில் பால் டீ. சிலிண்டருக்கும் அதன் மூடியான ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் ஹெட் கேஸ்கெட் போய், கூலன்டும் ஆயிலும் கலந்துவிட்டன. சிலிண்டர் ஹெட்டைத் துடைத்து, மேலே இரும்பு நேர்கோலை வைத்து இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜைச் செருகினால், நடுவில் 0.15 மி.மீ. தகடு முட்டாமல் உள்ளே போகிறது. பெரும்பாலான சர்வீஸ் மேனுவல்கள் 0.05 முதல் 0.10 வரைதான் விடும். ஹெட் வளைந்துவிட்டது என்று அர்த்தம்.

இவ்வளவுக்கும் வண்டிக்காரர் முதலில் சொன்ன குறை ஒன்றே ஒன்றுதான்: "சிக்னல்ல நின்னா கால் சுடுதுண்ணே." அப்போது அந்த எஞ்சினில் எந்தக் கோளாறும் இல்லை. கால் சுட்டதற்கு வைத்தியம் பார்க்கிறேன் என்று எஞ்சினைக் கெடுத்துக்கொண்டார்.

ஒன்றை முதலில் மனதில் ஏற்றிக்கொள்ளுங்கள். உங்கள் கால் சுடுவது வேறு, எஞ்சின் ஓவர்ஹீட் ஆவது வேறு. சொல்லப்போனால், கால் சுடுகிறது என்றாலே எஞ்சின் தன் சூட்டை ஒழுங்காக வெளியே தள்ளுகிறது என்று பொருள். தள்ளுகிற வழியில் உங்கள் கால் இருக்கிறது, அவ்வளவுதான்.

"லிக்விட் கூல்டு வண்டிதானே, ஏன் இவ்வளவு அனல் அடிக்குது?" என்று வாரம் தவறாமல் யாராவது கேட்கிறார்கள். ராயல் என்ஃபீல்டின் பழைய ஏர் கூல்டு ஹிமாலயன் 411-ஐ விற்று, லிக்விட் கூல்டு 450 வாங்கியவர்களிடம் இந்தக் கேள்வி அதிகம். லிக்விட் கூலிங் என்பது ஏசி அல்ல. அது சூட்டை அழிப்பதில்லை, இடம் மாற்றுகிறது. சிலிண்டரைச் சுற்றி ஓடும் கூலன்ட் சூட்டை வாங்கிக்கொண்டு ரேடியேட்டருக்கு வருகிறது. ரேடியேட்டர் அதைக் காற்றுக்குக் கொடுக்கிறது. வண்டி ஓடினால் அந்தக் காற்று பின்னால் போய்விடும். நின்றால் ஃபேன் அதை இழுத்து, டேங்கின் இரு பக்கமும் வழியாக நேரே உங்கள் முழங்காலில் ஊதும்.

எவ்வளவு சூடு என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு லிட்டர் பெட்ரோலில் உள்ள ஆற்றல் ஏறத்தாழ 9 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் லிட்டருக்கு 20 கி.மீ. கொடுக்கும் வண்டி மணிக்கு 4 லிட்டர் குடிக்கிறது, அதாவது 36 யூனிட். சக்கரத்துக்குப் போய்ச் சேர்வது அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. மீதி 24 யூனிட்டுக்கு மேல் வெறும் சூடு. 2 கிலோவாட் கீசர் பன்னிரண்டை ஒன்றாகப் போட்ட மாதிரி. அதில் ஏறக்குறைய பாதி சைலன்சர் வழியாகவும், மீதி ரேடியேட்டர் வழியாகவும் எஞ்சின் உடம்பு வழியாகவும் போகிறது. 411-இல் 24 குதிரைத்திறன் சொச்சம், 450-இல் 40. கூடுதல் சக்தியை எடுத்து ஓட்டினால் கூடுதல் பெட்ரோல் எரியும், எரிந்தால் சூடு வரும். பழைய வண்டி குறைவாகச் சுட்டது ஏர் கூலிங்கின் மகிமையால் அல்ல.

இதற்கு மேல், 2020 ஏப்ரலில் BS6 புகை விதி வந்த பிறகு, புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் பல வண்டிகளில் எஞ்சினுக்கு அருகிலேயே வந்து உட்கார்ந்துவிட்டது. அது வேலை செய்யவே சில நூறு டிகிரி வேண்டும். அதை வெட்டி எடுத்து வெறும் குழாய் போடுகிறவர்களுக்கு: சட்டப்படியும் தவறு, பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் மேப்பை மாற்றாமல் செய்தால் கலவையில் பெட்ரோல் குறைந்து, அதாவது லீன் ஆகி, எஞ்சின் இன்னும் சூடாகும்.

தெர்மோஸ்டாட் விஷயத்துக்கு வருகிறேன். அது ஒரு கதவு. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது மூடியிருக்கும். கூலன்ட் 75, 80 டிகிரியைத் தொட்டதும் திறக்கத் தொடங்கி, 95-க்குள் முழுக்கத் திறந்துவிடும். நீங்கள் சென்னை கத்திப்பாரா சந்திப்பில் கால் வெந்து நிற்கும் நேரத்தில் அது ஏற்கனவே முழுக்கத் திறந்துதான் இருக்கிறது. திறந்து கிடக்கும் கதவைப் பெயர்த்து எடுத்து என்ன கண்டீர்கள்? சில எஞ்சின்களில் இதே தெர்மோஸ்டாட்தான் ரேடியேட்டரைத் தொடாத குறுக்கு வழியான பைபாஸையும் அடைக்கிறது. எடுத்துவிட்டால் சூடான கூலன்டில் ஒரு பகுதி ரேடியேட்டர் பக்கமே போகாமல் சுற்றிச் சுற்றி எஞ்சினுக்கே திரும்பும். மார்கழிக் காலையில் இதற்கு நேர்மாறான கோளாறு: எஞ்சின் சூடேறவே ஏறாது, எஞ்சினின் கம்ப்யூட்டரான ECU கூடுதலாகப் பெட்ரோல் ஊற்றும், அந்தப் பெட்ரோல் ஆயிலில் இறங்கும், மைலேஜ் விழும்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றும் அதே கைகள் கூலன்டையும் கொட்டிவிட்டு போர் தண்ணீரை ஊற்றுகின்றன. "தண்ணிதானேண்ணே நல்லா சூடு இழுக்கும்?" இழுக்கும். வெறும் தண்ணீர் கூலன்டைவிட நன்றாகவே சூட்டை வாங்கும். ஆனால் அது உப்பைப் படியவிடும், அலுமினியத்தை அரிக்கும், வாட்டர் பம்ப் சீலை உலர்த்தும், 100 டிகிரியில் கொதிக்கும். பாதிக்குப் பாதி கலந்த கூலன்ட் திறந்த பாத்திரத்திலேயே 107 டிகிரி வாக்கில்தான் கொதிக்கும். 1.1 பார் அழுத்தம் தாங்கும் ரேடியேட்டர் மூடிக்குக் கீழே 125-ஐத் தாண்டும். ரப்பர் இறுகிப்போன பழைய மூடி அந்த அழுத்தத்தைப் பிடிக்காது. சில நூறு ரூபாய்ச் சாமான் அது. கேஸ்கெட் போன பல வண்டிகளில் முதல் குற்றவாளி அந்த மூடிதான்.

அடர் கூலன்ட் வாங்கினால் டிஸ்டில்டு வாட்டரில் கலக்குங்கள். வீட்டுக்கு வரும் கேன் தண்ணீர் டிஸ்டில்டு வாட்டர் அல்ல. பச்சை, சிவப்பு, நீலம் என்று நிறத்தை வைத்து ரகத்தை முடிவு செய்யாதீர்கள், கம்பெனிக்குக் கம்பெனி நிறம் மாறும். ஒத்துப்போகாத இரண்டு ரகம் கலந்தால் ஜெல்லி மாதிரி திரிந்து ரேடியேட்டர் குழாயை அடைக்கும். மாற்றிய பிறகு காற்றை வெளியேற்றுவதுதான் பாதிப் பேர் விடுகிற வேலை. குளிர்ந்த வண்டியை நிமிர்த்தி, மூடி திறந்தபடி ஸ்டார்ட் செய்து, ஹோஸ்களைக் கையால் அமுக்கி அமுக்கி விட்டு, வண்டியை இடமும் வலமும் சாய்த்து, குமிழ் நிற்கும்வரை ஊற்றி மூட வேண்டும். மறுநாள் காலை ரிசர்வ் டப்பாவில் அளவு இறங்கியிருக்கும், மேல் கோடு வரை நிரப்புங்கள். சூடான வண்டியில் ரேடியேட்டர் மூடியைத் தொடவே கூடாது. முகம் வெந்து போகும்.

ஃபேனை டைரக்ட் பண்ணி ஸ்விட்ச் வைக்கும் எலக்ட்ரீஷியன்களுக்கும் ஒரு கும்பிடு. ஃபேன் 100, 105 டிகிரியில் ஓடத் தொடங்கி 95 வாக்கில் நிற்பது டிசைன். மீட்டரில் 104 பார்த்துப் பதறாதீர்கள். ஃபேன் ஓடியும் எண் இறங்காமல் 110, 115 என்று ஏறிக்கொண்டே போனாலோ, சிவப்பு விளக்கு எரிந்தாலோதான் பதற வேண்டும்.

இனி வாங்கும்போது பார்க்க வேண்டியது. சிசியையும் குதிரைத்திறனையும் படித்துவிட்டு வருகிறீர்கள். எக்ஸாஸ்ட், அதாவது புகைக்குழாய், எந்தப் பக்கம் இறங்குகிறது என்று யாராவது குனிந்து பார்க்கிறீர்களா?

இரண்டு சிலிண்டரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் பேரலல் ட்வின் வண்டிகளில், அதாவது 1084 சிசி ஆஃப்ரிக்கா ட்வின், 776 சிசி வி-ஸ்ட்ராம் 800DE, 649 சிசி வெர்சிஸ் போன்றவற்றில், இரண்டு சிலிண்டரின் புகைக்குழாயும் (பெண்ட் பைப்) முன்பக்கமாக இறங்கி எஞ்சினுக்கு அடியில் போகும். தொடைக்கு வருவது பெரும்பாலும் ரேடியேட்டர் காற்றுதான். இரண்டு சிலிண்டரும் முன்னும் பின்னுமாக V வடிவில் நிற்கும் வி-ட்வின் வகையில் பின் சிலிண்டர் உங்கள் தொடைகளுக்கு நடுவில் இருக்கிறது. 1252 சிசி பான் அமெரிக்கா, பழைய வி-ஸ்ட்ராம் 650 எல்லாம் இந்த ரகம். பின் சிலிண்டரின் பைப் சீட்டுக்குக் கீழேயே திரும்ப வேண்டும், வேறு போக்கிடம் இல்லை. 1158 சிசி மல்டிஸ்ட்ராடா V4 ஐட்லிங்கில் பின் சிலிண்டர்கள் இரண்டையும் தானாகவே நிறுத்திவைக்கிறது. எதற்கு என்று நினைக்கிறீர்கள்? உங்கள் தொடைக்காகத்தான். BMW GS-இன் பாக்ஸர் எஞ்சினில் சிலிண்டர்கள் இரு பக்கமும் காற்றில் நீட்டிக்கொண்டு நிற்பதால் தொடை தப்பும், கெண்டைக்கால் பக்கம் கொஞ்சம் அடிக்கும்.

அதற்காக வி-ட்வின் வாங்காதீர்கள் என்று சொல்லவில்லை. நெடுஞ்சாலையே கதியென்று ஓட்டுகிறவருக்கு அது அருமையான எஞ்சின். தினமும் ஓ.எம்.ஆரில் ஆபீஸ் போகிறவர், வருஷத்துக்கு ஒரு முறை லடாக் போகும் கனவுக்காக 1200 சிசி வாங்கினால் மீதி நாட்கள் முழுக்க வேகத்தான் வேண்டும். சமதளத்தில் மணிக்கு நூறு கி.மீ. வேகத்தில் போக 20 குதிரைத்திறன் சுமாருக்குப் போதும். 400 முதல் 650 சிசி வரையிலான வண்டி நம் ஊர் வெயிலுக்கும் டிராஃபிக்குக்கும் பெரும்பாலானவர்களுக்குத் தாராளம். எடையும் அப்படித்தான்: ஹிமாலயன் 450-இன் எடை 196 கிலோ, BMW R 1300 GS-இன் எடை 237 கிலோ. அந்த 41 கிலோ வித்தியாசம் யூ-டர்னில் தெரியும்.

டெஸ்ட் ரைடு காலை பத்து மணிக்குக் குளிர்ந்த வண்டியில் பத்து நிமிஷம் ஓட்டினால் ஒன்றும் தெரியாது. மதியம் இரண்டு மணிக்குக் கேளுங்கள். நீங்கள் வழக்கமாகப் போடும் பேன்ட், பூட்ஸோடு போங்கள். நெரிசலான தெருவில் முதல் இரண்டு கியரிலேயே அரை மணி நேரம் ஓட்டுங்கள். பிறகு நிறுத்தி, எஞ்சின் ஓடட்டும், ஃபேன் இரண்டு முறை வந்து நிற்கும்வரை மேலேயே உட்காருங்கள். உள்தொடை, முழங்கால், கெண்டைக்கால், சீட்டின் முன்நுனி, இந்த நான்கு இடத்திலும் என்ன தெரிகிறது என்று கவனியுங்கள். பின்னால் வழக்கமாக உட்காரும் ஆளையும் கூட்டிப்போங்கள்.

வாங்கிய பிறகு நீங்களே காற்றை அடைக்காதீர்கள். ரேடியேட்டருக்கு முன்னால் எல்இடி விளக்கு, சல்லடை மாதிரிப் பொடிக்கண் கார்டு, கிராஷ் பாரில் தொங்கும் பை, எல்லாமே காற்றுக்குத் தடை. கார்டு வேண்டும்தான், கண் பெரிதாக இருக்கட்டும். மண் பாதையில் ஓட்டி வந்தால் ரேடியேட்டரை எஞ்சின் பக்கத்திலிருந்து முன்னோக்கி, தோட்டக் குழாய் அழுத்தத்தில் கழுவுங்கள். வாட்டர் சர்வீஸ் துப்பாக்கியை நேராகக் காட்டினால் தகடுகள் மடங்கி, அந்த இடம் அத்தோடு சரி.

கால் சூட்டுக்கு உருப்படியான வைத்தியம் மூன்று உண்டு. தளர்ந்த ஹீட் ஷீல்டுகளை இறுக்குங்கள். சீட் அடியிலும் டேங்க் ஓரத்திலும் வெப்பம் தடுக்கும் ஃபாயில் ஒட்டுங்கள். முழங்கால் பேடு உள்ள ரைடிங் பேன்ட்டும் கெண்டைக்கால் மூடிய பூட்ஸும் போடுங்கள். டிராக் பேன்ட் வேண்டவே வேண்டாம், பைப்பில் பட்டால் உருகித் தோலோடு ஒட்டும்.

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது அரை கிளட்சில் இழுக்காதீர்கள், முதல் கியரில் விட்டு ஓட்டுங்கள். உச்சியில் போய் உடனே சாவியைத் திருப்பாமல் ஒரு நிமிஷம் ஐட்லிங்கில் விடுங்கள், வாட்டர் பம்ப் சுற்றினால்தான் உள்ளே தேங்கிய சூடு வெளியேறும். சிவப்பு விளக்கு எரிந்தால் மட்டும் இது பொருந்தாது, உடனே நிறுத்திவிட வேண்டும். நிறுத்திய எஞ்சின் மேல் பாட்டில் தண்ணீரை ஊற்றும் அறிவாளிகள் இன்னும் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம்.

உடம்பையும் பாருங்கள். காற்று 37 டிகிரியைத் தாண்டினால் மெஷ் ஜாக்கெட் வழியாக வருவது குளிர்காற்றல்ல, ஹேர் டிரையர். உள்ளே போட்ட பருத்தி பனியனை நனைத்துக்கொள்ளுங்கள். வேலூர், சேலம் மாதிரி வறண்ட பக்கம் இது பிரமாதமாக வேலை செய்யும், சென்னைப் புழுக்கத்தில் பாதிதான். தலை சுற்றி, பேச்சு குழறினால் வண்டியை ஓரம் கட்டுங்கள், அது ஆஸ்பத்திரி விஷயம்.

பின்னால் உட்காருகிறவரை சைலன்சர் இல்லாத பக்கமாகவே ஏறி இறங்கச் சொல்லுங்கள். அப்படியும் சைலன்சர் சுட்டுவிட்டால், ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிஷம் காட்டுங்கள். ஐஸ் கட்டி வைக்காதீர்கள். டூத் பேஸ்ட், இங்க், மாவு எதுவும் தடவாதீர்கள். கொப்புளத்தை உடைக்காமல் சுத்தமான துணியால் தளர்வாக மூடி டாக்டரிடம் கூட்டிப்போங்கள்.