‘உடம்புக்கு நல்லது’ என்று புதிதாக எதைச் சேர்த்தீர்கள்?

உணவு ஆலோசனைக்கு வருபவர்கள் எதையெல்லாம் விட்டுவிட்டார்கள் என்பதை நான் கேட்காமலேயே சொல்லிவிடுவார்கள். சர்க்கரை விட்டாச்சு, எண்ணெய்ப் பலகாரம் விட்டாச்சு, ராத்திரி சோறு விட்டாச்சு. புதிதாக எதைச் சேர்த்தார்கள் என்பது மட்டும் தானாக வராது. “உடம்புக்கு நல்லதுன்னு தனியா ஏதாவது எடுத்துக்கறீங்களா?” என்று குறிப்பாகக் கேட்க வேண்டும். கேட்டால் ஒன்றன்பின் ஒன்றாக வரும். வெறும் வயிற்றில் வெந்தயத் தண்ணீர், அப்புறம் கேழ்வரகுக் கஞ்சி, பதினோரு மணிக்கு ஏபிசி ஜூஸ், வெயில் நாளில் இளநீர், ராத்திரி சப்பாத்தி, படுக்கும்போது தேன் கலந்த பால்.

மருந்துச் சீட்டை மறக்காமல் எடுத்து வருகிறவர்கள்கூட இதைச் சொல்வதில்லை. சாப்பாடுதானே, டாக்டரிடம் சொல்ல அதில் என்ன இருக்கிறது என்ற நினைப்பு. கடலூரில் என் மேசைக்கு வரும் சிக்கல்களில் பல, இந்தச் சொல்லாமல் விட்ட பட்டியலில்தான் ஒளிந்திருக்கின்றன.

சர்க்கரை நோயிலிருந்தே தொடங்கலாம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) 2023இல் வெளியான இண்டியாப் ஆய்வின்படி நாட்டில் பெரியவர்களில் 11.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய். புதுச்சேரியில் அது 26.3 சதவீதம். கோவாவுக்கு (26.4) அடுத்த இடம். தமிழ்நாட்டின் சராசரி அதைவிடக் குறைவுதான். ஆனால் முள்ளோடையைத் தாண்டி இந்தப் பக்கம் வந்தவுடன் சாப்பாடு ஒன்றும் மாறிவிடுவதில்லை. இரண்டு ஊருக்கும் ஒரே இட்லி, ஒரே சோறு, ஒரே பஜ்ஜிக் கடை.

சர்க்கரை இருக்கிறது என்று தெரிந்த மறுநாளே நம் வீடுகளில் நுழைவது கேழ்வரகுக் கஞ்சி. நல்ல தானியம்தான், சந்தேகமில்லை. ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட உணவுச் சத்து அட்டவணையைப் பார்த்தால், 100 கிராம் கேழ்வரகில் சுமார் 360 மில்லிகிராம் கால்சியம். அரிசியில் பத்துகூட இல்லை. நார்ச்சத்து கேழ்வரகில் 11 கிராம், தீட்டிய அரிசியில் 3 கிராமுக்கும் கீழே. இதுவரை கேட்டவர்கள் கஞ்சிக்கு மாறிவிடுகிறார்கள். அதே அட்டவணையில் மாவுச்சத்தையும் பார்க்க வேண்டும். அரிசியில் சுமார் 78 கிராம், கேழ்வரகில் சுமார் 67 கிராம். வித்தியாசம் இருக்கிறது. ஆனால் வேண்டிய அளவு குடிக்கலாம் என்கிற அளவுக்கு இல்லை.

அதைவிட முக்கியம், தானியம் எந்த உருவத்தில் வயிற்றுக்குள் போகிறது என்பது. கேழ்வரகை நைசாக அரைத்து, தண்ணீரில் கரைத்து, கொதிக்கக் கொதிக்கக் காய்ச்சும்போது அதன் மாவுச்சத்து நீரை உறிஞ்சி உப்பி, செரிப்பதற்குத் தயாராகிவிடுகிறது. மெல்ல வேண்டிய வேலை இல்லை. இரண்டு நிமிடத்தில் டம்ளர் காலி. குடல் சீக்கிரமே அதைக் குளுக்கோஸாக்கி ரத்தத்துக்கு அனுப்பிவிடும். சத்துமாவுக் கஞ்சியும் இதே கதைதான். பத்துப் பதினைந்து தானியங்களை வறுத்து அரைத்துச் சேர்த்தாலும், கஞ்சியானால் கஞ்சிதான். சிலர் அதில் நாட்டுச் சர்க்கரையும் போட்டு, கூடவே இரண்டு இட்லியும் சாப்பிடுகிறார்கள். கேட்டால், “கஞ்சி டிபன் இல்லையே மேடம், அது சத்துக்கு” என்பார்கள்.

அப்படியானால் கேழ்வரகை விட்டுவிடுவதா? வேண்டாம். முருங்கைக்கீரை போட்டு அடையாகத் தட்டுங்கள். களியாகக் கிண்டினால் ஒரு சின்ன உருண்டையோடு நிறுத்திக்கொண்டு, கீரைக் கடைசலையோ மீன் குழம்பில் இரண்டு துண்டு மீனையோ கூட வைத்துக்கொள்ளுங்கள். சாமை, வரகு மாதிரி முழுதாக வேகவைக்கும் சிறுதானியங்களும் கஞ்சியைவிடப் பரவாயில்லை. கஞ்சிதான் வேண்டுமென்றால் அதுதான் அன்றைய காலை உணவு. பக்கத்தில் ஒரு முட்டையோ சுண்டலோ இருக்கட்டும். ஆடி மாதத்தில் மாரியம்மன் கோயில்களில் ஊற்றும் கூழைக் குடிக்கக்கூடாது என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. வருடத்தில் சில நாள் குடிக்கும் கூழால் எந்தச் சர்க்கரையும் கெட்டுப்போகாது. தினமும் அரை லிட்டர் குடிப்பதுதான் பிரச்சினை.

என் பேச்சை நம்ப வேண்டாம், வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தால் நீங்களே பார்த்துவிடுங்கள். ஒரு நாள் கஞ்சி குடிக்கும் முன்பும், குடிக்கத் தொடங்கி இரண்டு மணி நேரம் கழித்தும் பாருங்கள். இன்னொரு நாள் அடையும் கீரையும் சாப்பிட்டுவிட்டு அதே மாதிரி பாருங்கள். பெரும்பாலான நோயாளிகளுக்குச் சாப்பிட்ட பின் 180க்குள் இருக்கவேண்டும் என்பது பொதுவான இலக்கு. வயதானவர்களுக்கு மருத்துவர் வேறு இலக்கு சொல்லியிருக்கலாம், அதைப் பின்பற்றுங்கள்.

சப்பாத்திக்கும் இதேதான். கோதுமை மாவிலும் 100 கிராமுக்கு 64 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. இரண்டு சப்பாத்தியும் ஒரு கிண்ணம் காய்கறியும் என்றால் நல்லது. நான்கு சப்பாத்தியும் உருளைக்கிழங்கு குருமாவும் என்றால், சோற்றை விட்டதற்கு அர்த்தமே இல்லை.

நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, தேன் பற்றி அதிகம் எழுத ஒன்றும் இல்லை. ரத்தத்தைப் பொறுத்தவரை மூன்றும் சர்க்கரைதான். உலக சுகாதார நிறுவனம் 2015இல் தந்த வழிகாட்டுதல் தேனையும் பழச்சாறையும் வெள்ளைச் சர்க்கரையோடு சேர்த்தே கணக்குப் போடுகிறது. ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேனைத் தொட்டுக்கூட நாக்கில் வைக்காதீர்கள்; பொட்டுலிசம் என்ற ஆபத்தான நோய்க்கு அது வழி. பாட்டிமார்கள் கோபித்துக்கொண்டாலும் இதில் விட்டுக்கொடுக்க முடியாது.

அடுத்தது ஏபிசி ஜூஸ். ஆப்பிள், பீட்ரூட், கேரட் மூன்றையும் கடித்துத் தின்றால் ஒரு வேளைப் பசியே அடங்கிவிடும். அடித்து, வடிகட்டி, சக்கையை எறிந்துவிட்டுக் குடித்தால் நார் போய் இனிப்பு மிஞ்சும். இது ஆபத்தில்லை, வீண். ஆபத்தானது வேறு. சில்வர் பீச்சில் நடந்து முடித்ததும் ஏதாவது ஒரு பச்சைச் சாறு குடித்தால்தான் நடந்த பலன் கிடைக்கும் என்று நினைப்பவர்களை எனக்குத் தெரியும். அவர்களுக்காக இதைச் சொல்கிறேன். 2010இல் டெல்லியில் ஒரு விஞ்ஞானி கசந்த சுரைக்காய்ச் சாறு குடித்து இறந்துபோனார். அதன் பிறகு ஐசிஎம்ஆர் ஒரு நிபுணர் குழுவை வைத்து ஆராய்ந்தது. சுரைக்காய் சில சமயம் குக்கர்பிட்டாசின் என்ற நச்சைக் கூடுதலாகச் சேர்த்துவைக்கிறது. கசப்பு அதன் அடையாளம். சுரைக்காய்ச் சாறு நாக்கில் கசந்தால் துப்பிவிடுங்கள், மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிக்காதீர்கள். கசந்தால்தான் மருந்து என்ற நம் பழக்கம் இந்த இடத்தில் உயிரையே வாங்கும். குடித்தபின் வாந்தி, வயிற்றுப்போக்கு, வயிற்றுவலி என்று வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போகவேண்டும். கேரளத்தில் கொழுப்பைக் குறைக்கும் என்று நம்பிப் பிலிம்பிக்காய்ச் சாறு குடித்தவர்களுக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டதும் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. அதில் உள்ள ஆக்சலேட் சிறுநீரகத்தில் போய்ப் படிந்துவிடுகிறது. குழம்பில் இரண்டு காய் போடுவது வேறு, ஒரு டம்ளர் பிழிந்து குடிப்பது வேறு.

சிறுநீரகம் என்று வந்துவிட்டதால் இங்கே கொஞ்சம் நிறுத்தி எழுதுகிறேன்.

முதுநகர்ப் பக்கத்துப் பெரியவர் ஒருவர், மகளோடு வந்தார் (அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்). நாள்பட்ட சர்க்கரை. சிறுநீரகம் பழுதானால் ரத்தத்தில் ஏறும் கிரியாட்டினின் 2ஐத் தாண்டியிருந்தது. ரத்த அழுத்தத்துக்கு டெல்மிசார்டன் மாத்திரை. ரத்தத்தில் பொட்டாசியம் 3.5 முதல் 5 வரை இருக்கவேண்டும். அவருக்கு 6ஐத் தொட்டுவிட்டது. என்ன சாப்பிடுகிறார் என்று கேட்டால் எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. வழக்கமான கேள்வியைக் கேட்டதும் மகள் சொன்னார்: “கிட்னிக்கு நல்லதுன்னு தினமும் வாழைத்தண்டு சாறு குடுக்கறோம் மேடம். மத்தியானம் ஒரு இளநீர். மருந்து எதுவும் இல்ல, வெறும் வாழைத்தண்டுதானே?”

இங்கே இரண்டு நோய்கள் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. சிறுநீரகக் கல் வேறு, சிறுநீரகச் செயலிழப்பு வேறு. கல் உள்ளவருக்கு முதல் மருந்து தண்ணீர். நாளொன்றுக்கு இரண்டரை லிட்டர் சிறுநீர் பிரியும் அளவுக்குக் குடிக்கச் சொல்வோம். செயலிழப்பு முற்றியவருக்குத் தண்ணீரையே அளந்து குடிக்க வேண்டிய நிலை வரலாம். கல்லுக்காகச் சொன்ன வாழைத்தண்டை ‘கிட்னிக்கு நல்லது’ என்று சுருக்கி, கிரியாட்டினின் ஏறியவருக்குக் கொடுத்துவிடுகிறோம். வாழைத்தண்டில் பொட்டாசியம் ஏராளம். இளநீரில் 100 மில்லிக்கு சுமார் 250 மில்லிகிராம். ஒரு காயில் 300 மில்லி இருந்தால் 750 ஆயிற்று. நல்ல சிறுநீரகம் உள்ளவருக்கு இது நன்மைதான். அக்னி நட்சத்திரத்தில் வியர்த்து வழிந்தவருக்கு இளநீரைவிட நல்ல பானத்தை நானும் சொல்ல மாட்டேன். பழுதான சிறுநீரகத்தால் அதை வெளியே தள்ள முடியாது. டெல்மிசார்டன், எனலாபிரில், ஸ்பைரோனோலாக்டோன் போன்ற மாத்திரைகளும் பொட்டாசியத்தை உடம்பில் தங்கவைக்கும். அது ஏறினால் இதயத் துடிப்பு தடுமாறும், நின்றும் போகலாம். வலியோ காய்ச்சலோ வந்து முன்கூட்டி எச்சரிக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

அந்தப் பெரியவரை அன்றே அவருடைய மருத்துவரிடம் திருப்பி அனுப்பினேன். சிகிச்சை நடந்தது, சாறும் இளநீரும் நின்றன, பொட்டாசியம் இறங்கியது. பொட்டாசியம் குறைய, காய்கறியை நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத் தாளிக்கும் முறையை மகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். சத்தெல்லாம் போகிறதே என்று அவருக்கு மனசே வரவில்லை. நாமே காலமெல்லாம் காய் வெந்த தண்ணீரைக் கொட்டாதே என்று சொல்லிவிட்டு, இப்போது கொட்டு என்றால் யாருக்குத்தான் வரும்!

சிறுநீரகம் பழுதானவர்கள் தொடவே கூடாத ஒரு பழம் நட்சத்திரப் பழம். அதிலுள்ள காரம்பாக்சின் என்ற பொருள் மூளையைத் தாக்கும். நிற்காத விக்கல், குழப்பம், வலிப்பு என்று போகும். பண்ருட்டிப் பலா சீசனில், எத்தனை சுளை சாப்பிடலாம் என்று கேட்காமல் தட்டைக் கையில் எடுக்காதீர்கள். அதிலும் பொட்டாசியம் அதிகம்.

உப்பிலும் இதே மாதிரி ஒரு தவறு நடக்கிறது. கடையில் கிடைக்கும் ‘சோடியம் குறைந்த உப்பு’ சோடியத்தின் ஒரு பகுதிக்குப் பதிலாகப் பொட்டாசியம் குளோரைடு சேர்த்தது. ரத்தக்கொதிப்பு மட்டும் உள்ள பெரியவர்களுக்கு அது உதவும்; 2025 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனமே பரிந்துரைத்தது. சிறுநீரக நோயாளிகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் அந்தப் பரிந்துரை பொருந்தாது என்றும் அதிலேயே சொல்லியிருக்கிறது. இந்துப்போ, பெரும்பகுதி சாதாரண சோடியம் குளோரைடுதான். பிரஷருக்கு இந்துப்பு நல்லது என்று தாராளமாகப் போட்டால் பிரஷர் ஏறத்தான் செய்யும். எந்த உப்பானாலும் ஒரு நாளைக்கு மொத்தம் 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள். கருவாடு, ஊறுகாய், அப்பளம் எல்லாம் அந்தக் கணக்கில் அடக்கம்.

மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கவனிக்க வேண்டியது கொஞ்சம் இருக்கிறது. இதய வால்வு மாற்றி, ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் அல்லது அசிட்ரோம் சாப்பிடுபவர்கள் கீரையை அறவே விடவேண்டியதில்லை. ஒரு வாரம் தினமும் கீரை, அடுத்த வாரம் ஒன்றுமே இல்லை என்று மாற்றினால்தான் ஐஎன்ஆர் (ரத்தம் உறைய ஆகும் நேரத்தைக் காட்டும் அளவு) தாறுமாறாகும். தைராய்டு மாத்திரைக்குப் பிறகு காபிக்கு அரை மணியாவது, முடிந்தால் ஒரு மணி நேரம் காத்திருங்கள். கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளுக்கு நான்கு மணி நேரம். இரும்புச்சத்து மாத்திரையை டீயோடு விழுங்கினால் பாதி வேலை வீண். இன்சுலினோ, சர்க்கரையைக் குறைக்கும் கிளிமிப்பிரைடு மாத்திரையோ எடுப்பவர்கள் வெந்தயத்தைக் கைநிறைய எடுக்கத் தொடங்கினால் சர்க்கரை தாழ்ந்துபோகக் கூடும். மருத்துவரிடம் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள்.

சரி, எல்லாவற்றையும் தடுத்துக்கொண்டே போனால் எதைத்தான் சேர்ப்பது என்று கேட்பீர்கள். வெளியூர்ப் பாதாமை ஊறவைத்து எண்ணிச் சாப்பிடுகிறோம். நம் மாவட்டத்து மல்லாட்டையில் (நிலக்கடலையில்) புரதம் அதைவிடக் குறைவில்லை, சற்று அதிகம்கூட. அவித்தோ வறுத்தோ ஒரு கைப்பிடி போதும். பண்ருட்டி முந்திரியில் கொலஸ்ட்ரால் இருக்கிறது என்பது வீண் பயம். எந்தக் கொட்டையிலும் கொலஸ்ட்ரால் கிடையாது. கலோரி உண்டு, ஆகவே அதுவும் ஒரு கைப்பிடிக்குள்ளேதான்.

அப்புறம் மீன். துறைமுகம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் ஊரில் ஒமேகா-3 மாத்திரை வாங்குவதைப் பார்க்கும்போது எனக்கு எரிச்சல்தான் வரும். வஞ்சிரம் வாங்க முடியவில்லை என்று மீனையே விட்டுவிடுகிறார்கள். மத்தியிலும் கானாங்கெளுத்தியிலும் அதே நல்ல கொழுப்பு நிறைய இருக்கிறது, விலையும் கட்டுப்படியாகும். நெத்திலியை முள்ளோடு சாப்பிட்டால் கால்சியமும் கிடைக்கும். வாரத்துக்கு இரண்டு முறை, குழம்பாக வையுங்கள். எண்ணெயில் முக்கிப் பொரித்தால் மீனைவிட எண்ணெய்தான் உள்ளே போகும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலத்தில் மீன் விலை ஏறினால் முட்டையும் பயறும் மல்லாட்டையும் வைத்துச் சமாளிக்கலாம். படகுகள் மறுபடி கடலுக்குப் போனதும் மத்தி வாங்கிக்கொள்ளுங்கள்.