மூன்று துளைகளை எங்கே போடுவது? பழைய டிராக்டரும் மும்முனை இணைப்பும்

1939-இல் அமெரிக்க விவசாயிக்கு இரண்டு புது டிராக்டர்கள் சந்தையில் கிடைத்தன. ஒன்று ஃபோர்டு 9என். சாம்பல் நிறம், குட்டையான உடம்பு, பின்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் மூன்று இரும்புக் கைகள். மற்றொன்று இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் கம்பெனியின் ஃபார்மால் எச். சிவப்பு நிறம், ஆளுயரத்தை எட்டும் பின்சக்கரம், முன்னால் நெருக்கமாக ஒட்டிய இரட்டைச் சக்கரம். வண்டி விற்ற கணக்கில் ஃபார்மால் சளைத்ததில்லை, ஏறத்தாழ 3.9 லட்சம் வண்டிகள் வெளிவந்தன. ஆனால் அதன் பின்னால் கருவி மாட்ட இருந்தது ஒரு டிராபார் மட்டும், அதாவது கட்டி இழுப்பதற்கான இரும்புப் பட்டை. எதையும் கட்டி இழுக்கலாம், பின்பக்கம் தூக்கிப் பிடிக்க வழியில்லை.

அந்த ஃபார்மால்கள் பல இன்றும் ஓடுகின்றன. கருவிகளின் உலகம்தான் மாறிவிட்டது. சட்டிக்கலப்பை, புல்வெட்டி, நிலம் நிரவும் பெட்டிப் பலகை என்று இன்று கடையில் வாங்குபவை பெரும்பாலும் மூன்று கைகளுக்காகச் செய்யப்பட்டவை. ஆகவே பழைய வண்டி வைத்திருக்கும் அமெரிக்கர்கள் தங்கள் பட்டறையிலேயே பட்டை இரும்பை வெட்டி, ஒரு ஹைட்ராலிக் சிலிண்டரைப் பொருத்தி, மும்முனை இணைப்பைத் தாங்களே செய்துகொள்கிறார்கள்: கீழே இரண்டு கைகள், அவை கீழ் லிங்க்குகள்; மேலே நடுவில் ஒன்று, அது டாப் லிங்க். பார்க்கிறவருக்கு அது தூக்கும் சாதனமாகத் தெரியும். தூக்குவது அதன் சுலபமான பாதி. இழுக்கும்போது என்ன நடக்கிறது என்பதில்தான் சங்கதி இருக்கிறது. அதைத் தீர்மானிப்பது சிலிண்டர் அல்ல, டிராக்டரில் அந்தக் கைகளை மாட்டும் மூன்று துளைகள் எங்கே அமைகின்றன என்பதுதான்.

இந்த ஏற்பாட்டைக் கொண்டுவந்தவர் ஹாரி பெர்குசன். வட அயர்லாந்தின் டவுன் மாவட்டத்துக்காரர். 1909 டிசம்பர் 31 அன்று, தானே செய்த விமானத்தில் அயர்லாந்திலேயே முதன்முதலாகப் பறந்தவர். முதல் உலகப் போர்க் காலத்தில் உணவு உற்பத்திக்காக அங்கே ஓடிய டிராக்டர்களைக் கவனிக்கும் பொறுப்பு அவருக்கு வந்தது. குதிரையை அவிழ்த்துவிட்டு அந்த இடத்தில் டிராக்டரைக் கட்டியதைப் போலவே அன்று உழுதார்கள். கலப்பை கல்லிலோ வேரிலோ மாட்டினால் பின்சக்கரம் சுற்ற முடியாமல் நிற்கும். எஞ்சினின் திருகு விசை அப்போது சக்கரத்துக்குப் பதிலாக வண்டியின் உடம்பையே அச்சைச் சுற்றித் திருப்பும். மூக்கு மேலெழும், ஓட்டுநர் அடியில் போவார். ஹென்றி ஃபோர்டு அந்தக் காலத்தில் செய்த ஃபோர்ட்சன் டிராக்டருக்கு இந்தக் கெட்ட பெயர் நிறையவே இருந்தது. சுதாரித்து கிளட்சை மிதிக்க நேரம் இருக்காது. முக்கால் வினாடிக்குள் வண்டி திரும்பி வர முடியாத கட்டத்தைத் தாண்டிவிடும்.

இழுக்கும் உயரம் எவ்வளவு முக்கியம் என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். சுமார் 1700 கிலோ எடையுள்ள டிராக்டர், அதில் 550 கிலோ முன்சக்கரத்தில், இரு அச்சுகளுக்கும் நடுவே 2.2 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். தரையிலிருந்து 40 சென்டிமீட்டர் உயரத்தில் 1200 கிலோ விசையோடு இழுத்தால், 1200-ஐ 0.4 ஆல் பெருக்கி 2.2 ஆல் வகுக்க, முன்சக்கரம் இழக்கும் பாரம் 218 கிலோ. பரவாயில்லை, ஸ்டியரிங் பிடி விடாது. அதே இழுவையை ஒரு மீட்டர் உயரத்தில் கட்டினால் 545 கிலோ போய்விடும். முன்னால் மிஞ்சுவது 5 கிலோ. மும்முனை இணைப்பு பொருத்திய வண்டியில் டாப் லிங்க் மாட்டும் துளையில் சங்கிலி கட்டி மரக்கட்டை இழுக்கக் கூடாது என்று கெஞ்சாத குறையாகச் சொல்வது இதனால்தான்.

டாப் லிங்க் அவ்வளவு உயரத்தில் இருந்தும் உழும்போது வண்டி ஏன் கவிழ்வதில்லை? காரணம், அப்போது அது இழுப்பதே இல்லை. தள்ளுகிறது. மண் கலப்பையின் கொழுவைப் பின்னுக்கு இழுக்கிறது. கலப்பை இரண்டு கீழ் லிங்க்குகளின் முளையில் சுழல முயல்கிறது. அதனால் அதன் மேல்முனை முன்னோக்கிச் சாய்ந்து, டாப் லிங்க்கை டிராக்டர் மேல் அழுத்துகிறது. மேலே முன்னோக்கித் தள்ளும் விசை, கீழே பின்னோக்கி இழுக்கும் விசை. இரண்டும் சேர்ந்து வண்டியின் மூக்கை நிலத்தோடு அமுக்குகின்றன. கவிழ்க்கப் பார்த்த அதே மண்ணின் எதிர்ப்பையே பெர்குசன் வண்டியைப் பிடித்து நிறுத்தும் வேலைக்கு வைத்துவிட்டார். என் பார்வையில் வேளாண் எந்திரங்களில் இதைவிட அழகான யோசனை கிடையாது.

அவர் இன்னொரு படியும் போனார். டாப் லிங்க்கின் முன்முனையில் ஒரு கனத்த சுருள்வில். மண் இறுகினால் வில் அழுந்தும், அந்த அசைவு ஹைட்ராலிக் வால்வைத் திறந்து கலப்பையைக் கொஞ்சம் தூக்கும்; மண் இளகினால் தானாக இறக்கும். மேழி பிடித்தவர் கையால் உணர்ந்து செய்ததை ஒரு வில் செய்தது. இதற்கான காப்புரிமையை 1920-களின் நடுவில் வாங்கினார். 1938 அக்டோபரில் அமெரிக்காவின் டியர்பார்னில் ஹென்றி ஃபோர்டின் வீட்டுத் தோட்டத்தில் செய்துகாட்ட, இருவரும் எழுத்தில் எதுவும் இல்லாமல் கை குலுக்கி ஒப்பந்தம் முடித்தார்கள். அப்படி வந்ததுதான் 9என். கை குலுக்கல் எட்டு ஒன்பது வருடம் தாங்கியது. 1947-இல் பேரன் இரண்டாம் ஹென்றி ஃபோர்டு உறவை முறிக்க, வழக்கு நடந்து, 1952-இல் ஃபோர்டு கம்பெனி 92.5 லட்சம் டாலர் கொடுத்துத் தீர்த்துக்கொண்டது. சென்னை டாஃபே நிறுவனம் தயாரித்த மாஸி பெர்குசன் டிராக்டர்களின் பெயரில் இருக்கும் பெர்குசன் இவரேதான்.

மற்ற கம்பெனிகள் அந்தக் காலத்தில் தனித்தனி வழி தேடின. இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் இரண்டு கைகள் மட்டும் கொண்ட ஓர் இணைப்பை 1950-களில் விற்றது. அல்லிஸ்-சால்மர்ஸ் வேறொன்று வைத்திருந்தது. ஒன்றின் கருவி மற்றொன்றில் ஏறாது. கடைசியில் எல்லோரும் மூன்று கைக்கே வந்து சேர்ந்தார்கள். இன்று அளவுகள் பொதுவானவை. சிறு டிராக்டர்களுக்கான முதல் வகையில் கீழ் முளை 22 மில்லிமீட்டர், மேல் முளை 19 மில்லிமீட்டர், இரண்டுக்கும் இடையே செங்குத்து உயரம் சுமார் 46 சென்டிமீட்டர். ஃபார்மால் எச்-சுக்கு இந்த வகை போதும்.

இனி பட்டறைக்கு வருவோம். கீழ் லிங்க்குகளின் முன்முனை பின்அச்சுக்குக் கீழேயும், முடிந்தவரை முன்னாலும் இருக்க வேண்டும். டிராபார் முடியும் இடத்தில் இரண்டு காதுகளை வெல்டு செய்து, அங்கிருந்து குட்டையாக இரண்டு கைகளை நீட்டிவிடுவது பலர் செய்யும் குறுக்குவழி. கை குட்டையானால் கருவி ஏறி இறங்கும்போது கோணம் தாறுமாறாக மாறும். கலப்பை நிலத்தில் இருக்கும்போது கை செங்குத்தாகச் சரிந்து நிற்பதால் இழுவைக் கோடும் உயர்ந்துவிடும். நீளமான கை நல்லது.

மேலிருந்து பார்த்தால் இரு கீழ் லிங்க்குகளும் முன்னோக்கி நெருங்கி வர வேண்டும். அவற்றின் கோடுகளை மனதால் நீட்டினால் முன்அச்சுக்குக் கிட்டத்தில் எங்கோ சந்திக்கும். வண்டி திரும்பும்போது கலப்பை அந்தப் புள்ளியில் கட்டி இழுபடுவதுபோல் நடந்துகொள்ளும். பக்கவாட்டிலும் இதே கதை. டாப் லிங்க்குக்கும் கீழ் லிங்க்குகளுக்கும் உள்ள இடைவெளி கருவிப் பக்கத்தைவிட டிராக்டர் பக்கத்தில் குறைவாக இருந்தால் கோடுகள் முன்னால் கூடும். கண்ணுக்குத் தெரியாத அந்தப் புள்ளியைப் பார்த்தபடிதான் கலப்பை மண்ணில் தன் ஆழத்தைத் தேடிக்கொள்கிறது. மூன்றையும் இணையாக வைத்துவிட்டால் தூக்கும் வேலை நன்றாகவே நடக்கும், உழவு மட்டும் நேராக வராது.

டாப் லிங்க் மாட்டும் தாங்கியை ஒரு பக்க விசைக்கு மட்டும் கட்டியிருப்பவர்கள் மாட்டிக்கொள்வார்கள். உழும்போது தள்ளும் அந்தக் கை, கருவியைத் தூக்கியவுடன் இழுக்கத் தொடங்கும், ஏனென்றால் தொங்கும் கருவி பின்னோக்கிச் சாயப் பார்க்கும். மேட்டில் குலுங்கி ஓடும்போது இந்த மாற்றம் அடி அடியாக வரும்.

தாங்கியை எதில் பிடிப்பது என்பது அடுத்த தலைவலி. ஃபார்மாலின் பின்உடம்பு வார்ப்பிரும்பு. அதில் ஏறத்தாழ 3 சதவீதம் கார்பன் உண்டு. சாதாரணமாக வெல்டு வைத்தால் ஓரம் சட்டென்று குளிர்ந்து கண்ணாடிபோல் இறுகிவிடும். வெல்டு பிடித்திருக்கும், அதன் பக்கத்தில் இரும்பு விரிசல் விடும். ஆகவே உடம்பில் கம்பெனி போட்ட போல்ட் துளைகளையே பயன்படுத்துவார்கள், அல்லது அச்சுக்கூட்டைச் சுற்றி யு-போல்ட்டால் இறுக்குவார்கள். வெல்டு எல்லாம் கழற்றி மாட்டும் எஃகுத் தகட்டில் மட்டும்.

தூக்கும் கணக்கு நேரானது. 3 அங்குல விட்டமுள்ள சிலிண்டரின் பரப்பு 7.07 சதுர அங்குலம். எண்ணெய் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 1000 பவுண்டு என்றால் விசை சுமார் 3200 கிலோ. தண்டு 8 அங்குலம் நகர்ந்து லிங்க்கின் நுனி 24 அங்குலம் ஏறினால், தூரம் மூன்று மடங்கு ஆனதற்கு விசை மூன்றில் ஒன்றாகும்: சராசரியாக 1070 கிலோ, உராய்வு போக இன்னும் குறைவு. நெம்புகோலை எப்படி மாற்றிப் பூட்டினாலும் இந்தப் பெருக்கல் மாறாது.

பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சிலிண்டர் வைத்தால் பலம் கூடுமே என்று தோன்றும். எண்ணெய் எப்போதும் சுலபமான பக்கம் பார்த்துத்தான் போகும். பாரம் குறைந்த பக்கம் முதலில் எழும், கருவி கோணிக்கொள்ளும். அதனால் நடுவே ஒரு கனத்த குழாயைக் குறுக்கே சுழலும்படி வைத்து, அதன் இரு நுனியிலும் லிஃப்ட் கைகளை வெல்டு செய்கிறார்கள். ஒரே சிலிண்டர் தள்ளினாலும் இரு கையும் சேர்ந்துதான் எழும். வலது கையிலிருந்து இறங்கும் கம்பி மட்டும் மறை திருகி நீளம் மாற்றத்தக்கதாக இருக்க வேண்டும். உழும்போது வலது சக்கரம் சாலுக்குள் ஓடும், வண்டி வலப்பக்கம் சாயும். அந்தக் கம்பியைச் சுருக்கினால்தான் கலப்பை மட்டமாக நிற்கும்.

இரு பக்கமும் தள்ளும் சிலிண்டரை அப்படியே பூட்டுவது இன்னொரு வம்பு. வால்வு மூடியிருக்கையில் கருவியால் மேலேயும் அசைய முடியாது, கீழேயும் அசைய முடியாது. மேடு வந்தால் பெட்டிப் பலகை டிராக்டரின் பின்சக்கரத்தையே தரையிலிருந்து தூக்கிவிடும். தூக்க மட்டும் எண்ணெய், இறங்க கருவியின் சொந்த எடை என்று விட்டுவிட்டால் அது நிலத்தோடு மிதந்து ஓடும். வீட்டில் செய்த இணைப்பில் பெர்குசனின் வில்லும் வால்வும் பெரும்பாலும் இருக்காது என்பதால், கலப்பையில் ஆழம் காக்கும் சிறு சக்கரம் ஒன்றும் வேண்டியிருக்கும்.

எல்லாம் பூட்டியபின் முதலில் பார்க்க வேண்டியது முன்சக்கரத்தை. பின்அச்சிலிருந்து ஒன்றரை மீட்டர் தள்ளி 300 கிலோ கருவி தொங்கினால் முன்னாலிருந்து 205 கிலோ கழன்றுவிடும். 550-இல் அது பெரிய பங்கு. மேடேறும்போது மிச்சமும் கரையும். ஃபார்மாலின் ஒட்டிய முன்சக்கரங்கள் அந்த நிலையில் ஸ்டியரிங் சொல்வதைக் கேட்காமல் மண்ணில் வழுக்கிக்கொண்டே போகும். மூக்கில் எடைக்கட்டி மாட்டி, சமதரையில் கருவியைத் தூக்கியபடி மெதுவாக ஒரு வட்டம் அடித்துப் பார்த்த பிறகுதான் வண்டியைச் சரிவுக்குக் கொண்டுபோக வேண்டும்.