ஹோஸ்ட்: விருந்தோம்புநரா, தங்க விடுபவரா?

"பதிவு செய்யாத விருந்தோம்புநருக்கு 5,000 டாலர் வரை அபராதம்." நியூயார்க் நகரின் குறுகிய கால வாடகை விதிகளைப் பற்றி நண்பர் அனுப்பிய தமிழ்க் குறிப்பில் இப்படி ஒரு வரி. விருந்தோம்பியதற்கு அபராதமா? காசு வாங்கிக்கொண்டு சில நாள் வீட்டில் ஆள் தங்க வைப்பவரை ஆங்கிலத்தில் ஹோஸ்ட் என்கிறார்கள். அதை 'விருந்தோம்புநர்' என்று தமிழில் எழுதுவதைப் பலமுறை பொறுத்துக்கொண்டேன், இனி முடியாது.

ஆங்கில ஹோஸ்ட், லத்தீன் 'ஹோஸ்பெஸ்' பிரெஞ்சு வழியாக வந்த வடிவம். ஹோட்டலும் ஹாஸ்பிட்டலும் அதன் உறவுகள். சத்திரம் நடத்திக் காசு வாங்குபவரையும் ஹோஸ்ட் என்பது ஆங்கிலத்தில் பழைய வழக்கு. ஆகவே வீட்டை இரவுக் கணக்கில் வாடகைக்கு விட உதவும் இணையதளமான ஏர்பிஎன்பி அந்தப் பெயரை எடுத்துக்கொண்டபோது அங்கே யாருக்கும் உறுத்தவில்லை.

தமிழில் உறுத்துகிறது. விருந்து என்றால் முதலில் புதுமை. தொல்காப்பியம் அந்தப் பொருளிலேயே ஆள்கிறது. பிறகுதான் புதிதாக வந்தவருக்கும் அவருக்கு இடும் உணவுக்கும் பெயராயிற்று. ஓம்புதல், பேணுதல். இரவுக்கு இவ்வளவு என்று கட்டணம் வைப்பதற்கு இந்தச் சொல்லில் இடமே இல்லை. 'விருந்தோம்பல் துறை' என்கிறோமே என்பார்கள். அது ஒரு தொழிலுக்குச் சூட்டிய அலங்காரப் பெயர். அபராதம் கட்ட வேண்டியவர் யார் என்று சுட்ட வேண்டிய இடத்தில் அலங்காரம் உதவாது.

'வீட்டு உரிமையாளர்' இன்னும் மோசம். 2023 செப்டம்பர் 5 முதல் நடைமுறைப்படுத்தப்படும் அந்நகரச் சட்டத்தின்படி, 30 நாளுக்குக் குறைவாக ஆள் தங்க வைப்பவர் பதிவு செய்ய வேண்டும். வந்தவர் தங்கும் நாட்களில் தாமும் அதே வீட்டில் இருக்க வேண்டும். அவர் சொந்த வீட்டுக்காரராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ஒப்பந்தம் இடம் கொடுத்தால் வாடகைக்குக் குடியிருப்பவரும் பதிவு செய்யலாம். நியூயார்க்கின் குயீன்ஸ் பகுதியில் வாடகை வீட்டில் இருக்கும் ஒரு தமிழர் "உரிமையாளர் உடன் இருக்க வேண்டும்" என்று படித்தால் என்ன நினைப்பார்? கட்டடத்தின் சொந்தக்காரர் வந்து உட்கார வேண்டும் என்றுதானே?

'குறுகிய கால வாடகைதாரர்' என்று எழுதுகிறவர்களும் உண்டு. வாடகை கொடுப்பவர்தான் வாடகைதாரர். இது பொருளைத் தலைகீழாக்கிவிடுகிறது.

நான் சொல்வது 'தங்க விடுபவர்'. வீடு விடுகிறோம், வாடகைக்கு விடுகிறோம்; அந்த 'விடு' எல்லார் வாயிலும் இருக்கிறது. 'விடுநர்' என்று சுருக்கலாமே என்றார் நண்பர். கடிதத்தில் விடுநர், பெறுநர் எழுதிப் பழகிய கண்ணுக்கு அது அனுப்பியவரைத்தான் காட்டும். எதிர்ப்பக்கத்தில் இருப்பவரும் விருந்தினர் அல்லர், 'தங்குபவர்'.

அகராதியைத் திறந்து முதல் சொல்லை ஒட்டிவிட்டு எழுந்துபோகும் மொழிபெயர்ப்பாளர்கள்மீது எனக்குக் கோபம் உண்டு. அந்தக் குறிப்பிலேயே ஒரு பத்தியில் 'உரிமம்', அடுத்த பத்தியில் 'அனுமதி'. நியூயார்க் கேட்பதோ பதிவு. பார்சிலோனாவில் கேட்பதுதான் உரிமம்.

அந்தக் குறிப்பை நண்பருக்குத் திருத்தி அனுப்பினேன்: "தங்க விடுபவர் நகர நிர்வாகத்திடம் பதிவு செய்ய வேண்டும். தங்குபவர்கள் இருவருக்கு மேல் இருக்கக் கூடாது. வீட்டுக்குள் எந்த அறையையும் அவர்களுக்குப் பூட்டி வைக்கக் கூடாது."