புரொஜெக்‌ஷன்: எறிவதா, ஏற்றுவதா?

“உங்க பயத்தைப் பையன் மேல புரொஜெக்ட் பண்றீங்க.” குடும்பச் சண்டைக்காக மனநல ஆலோசகரிடம் போனவர்கள் இதைக் கேட்டிருக்கலாம்.

லத்தீனில் ‘ப்ரோ’ என்றால் முன்னே. ‘யாகெரே’ என்றால் எறிதல். திரையரங்கின் புரொஜெக்டரும் இந்த வேரிலிருந்து வந்ததே. கணக்குப் பாடத்தில் புரொஜெக்‌ஷனை ‘வீழல்’ என்று படித்திருப்போம். உளவியலில் இதைப் புழங்கவிட்டவர், ஆழ்மனத்தை ஆராயும் உளப்பகுப்பாய்வைத் தொடங்கிய சிக்மண்ட் ஃபிராய்ட். தன்னிடம் இருப்பதாக ஒப்புக்கொள்ள முடியாததை மனம் வெளியே தள்ளி, பிறரிடம் காண்பதைக் குறிக்க 1896இல் வெளியான கட்டுரையில் இச்சொல்லைக் கையாண்டார்.

தமிழில் ‘புறத்தெறிதல்’ என்று எழுதுவதுண்டு. மூலத்துக்கு நேர்தான், ஆனால் எனக்கு அதில் நிறைவில்லை. எறிந்தது எங்கோ போய் விழுந்துவிடும். வீட்டிலோ அது யாரோ ஒருவர் தோளில் ஏறி உட்கார்ந்துகொள்கிறது.

ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். அப்பா ஒருநாளும் ஓய்ந்து உட்காராமல் உழைத்தவர். அவருடைய தம்பி சொத்தைக் கரைத்தவர். மகன் ஞாயிற்றுக்கிழமை பத்து மணிவரை தூங்குகிறான். அந்த வயதில் அது இயல்பு. அப்பா வாயில் வருவது: “அப்படியே உங்க சித்தப்பன் புத்தி!” ஓய்வுக்கு ஏங்கும் தன் மனத்தை அவரால் பார்க்க முடியவில்லை, மகனிடம் பார்க்கிறார். கேட்டுக் கேட்டு மகனும் அந்தச் சித்தப்பாவாகவே ஆகத் தொடங்குகிறான். உளப்பகுப்பாய்வாளர் மெலனி கிளைன் 1946இல் விளக்கிய ‘புரொஜெக்டிவ் ஐடென்டிஃபிகேஷன்’ (தன் மனத்தின் ஒரு பகுதியைப் பிறருக்குள் வைத்துப் பார்ப்பது) என்ற கருத்தைப் பின்வந்தவர்கள், ஏற்றப்பட்டவரே அதுவாக ஆகத் தொடங்கும் இந்த இடம்வரை விரித்தார்கள். பெற்றோர் தம்மிடம் வெறுப்பதைப் பிள்ளை சுமக்க நேர்வதைப் பற்றி ஜெர்மானிய உளப்பகுப்பாய்வாளர் ஹோர்ஸ்ட் எபர்ஹார்ட் ரிக்டர் 1960களின் தொடக்கத்தில் ஒரு நூலே எழுதினார்.

உளப்பகுப்பாய்வு வழிக் குடும்பச் சிகிச்சை கைவைப்பது இங்கேதான். மகனைத் திருத்துவதில் அது தொடங்குவதில்லை. எல்லோரையும் ஒன்றாக உட்காரவைத்து, “உங்க தம்பியைப் பத்திச் சொல்லுங்க” என்று அப்பாவிடம் கேட்கும். அவர் தம்பிக்காக அழுது முடிக்கவே பல வாரம் ஆகலாம். (அடி உதை இருக்கும் வீட்டில் முதலில் பார்க்க வேண்டியது பாதுகாப்பை, ஒன்றாக உட்காருவது பிறகு.)

இதற்குப் பொருந்தும் சொல் நம் பள்ளி இலக்கணத்திலேயே இருக்கிறது. இயல்பாக நடக்கும் ஒன்றின்மேல் கவிஞர் தன் கருத்தை ஏற்றிச் சொல்வது தற்குறிப்பேற்ற அணி. சிலப்பதிகாரத்தில் மதுரை மதில்மேல் கொடிகள் காற்றில் அசைகின்றன; கோவலனையும் கண்ணகியையும் ‘வராதீர்கள்’ என்று கைகாட்டி மறிப்பதாகச் சொல்கிறார் இளங்கோ. கொடி அசைந்தது காற்றால். பையன் தூங்கியது தூக்கத்தால்.

ஒரு வேறுபாடு உண்டு. கவிஞர் தெரிந்தே ஏற்றுகிறார்; அப்பாவுக்குத் தான் ஏற்றுவதே தெரியாது. அதனால் அணியின் பெயரை அப்படியே எடுக்காமல் ‘அறியாக் குறிப்பேற்றம்’ என்று எழுதலாம் என்பது என் பரிந்துரை. பேச்சில் ‘குறிப்பேற்றம்’ போதும்.